கோலாலம்பூரில் வசந்தம் எந்த மாதம்? அடுக்குமாடித் தோட்டம் போடக் கிளம்பியவருக்கு ஒரு பதில்

கேட்டவர் கோலாலம்பூரின் செந்தூல் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறார். அவருடைய அண்ணி டொரோண்டோவில். ஒவ்வொரு மே மாதமும் அங்கே சமூகத் தோட்டத்தில் வசந்தகால நடவு நாள் என்று பேட்டையே திரண்டு வந்து நாற்று நடுகிற படங்களை அண்ணி அனுப்பி வைக்கிறாராம். இப்போது இவர்கள் குடியிருப்பிலும் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு துண்டு நிலத்தை நிர்வாகக் குழு ஒதுக்கியிருக்கிறது. முப்பது பேர் வருவதாகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். “நமக்கு வசந்தமே கிடையாதே அக்கா, எந்த மாசம் ஆரம்பிக்கிறது, எதை நடுறது, இந்த முப்பது பேரை வச்சிக்கிட்டு என்ன செய்யிறது?” என்பது கேள்வி.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மாதம்.

டொரோண்டோவில் மே மாதம் என்பது யாரோ நல்ல நாள் பார்த்துக் குறித்ததில்லை. குளிர்காலத்தில் அங்கே மண் உறைந்து கிடக்கும். ஏப்ரலில் உருகிவிட்டாலும் ஏதாவது ஓர் இரவில் உறைபனி விழுந்தால் தக்காளி, மிளகாய் நாற்றெல்லாம் விடிவதற்குள் கருகிப் போகும். மே 25-க்கு முந்தி வருகிற திங்கள்கிழமை அவர்களுக்கு விக்டோரியா டே விடுமுறை. அந்த வார இறுதியோடு பனிப் பயம் பெரும்பாலும் தீர்ந்தது என்பது அங்குள்ள தோட்டக்காரர்களின் பழைய கணக்கு. அப்புறம் விளைவதற்கு இருப்பதோ நாலைந்து மாதம். அதனால்தான் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் மண்வெட்டியோடு வந்து நிற்கிறார்கள். பனியே தண்டோரா போட்டுக் கூப்பிட்டுவிடுகிறது.

நமக்கு அந்தத் தண்டோரா இல்லை. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. எந்த மாதம் விதை போட்டாலும் முளைக்கும். எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்பதாலேயே “அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்று தள்ளிப் போகிற வேலை இது.

ஆனாலும் மழைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இடம் மாறிக்கொள்கிற நேரத்தில், அதாவது ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரை ஒட்டியும், கோலாலம்பூரும் சுற்று வட்டாரமுமான கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை அதிகம். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். ஜூன், ஜூலையில் குறைந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியிலும் அவ்வளவாக இருக்காது. பினாங்குக்காரர்கள் யாராவது படித்தால் இதே கணக்கைப் போடாதீர்கள். அங்கே ஆண்டுத் தொடக்கம் நல்ல காய்ச்சல், செப்டம்பரும் அக்டோபரும்தான் கொட்டுகிற மாதங்கள்.

“ஆடிப்பட்டம் தேடி விதை என்று பாட்டி சொல்வார், ஜூலையில் ஆரம்பிக்கலாமா?” என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பாட்டி சொன்னது சரி. ஆனால் அது தமிழ்நாட்டு மழைக்கும் ஆற்றில் புதுவெள்ளம் வருவதற்கும் சொன்னது. செந்தூலில் ஆடி மாதம் என்றால் வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிற மாதம். டொரோண்டோ நாள்காட்டியும் உதவாது, தஞ்சாவூர் நாள்காட்டியும் உதவாது. வேடிக்கை என்னவென்றால், சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று தமிழில் வைத்திருக்கிறோமே, அது மட்டும் இங்கே பொருந்திவிடுகிறது. மார்ச்சில் மண்ணைத் தயார் செய்து, சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு நடுங்கள். இன்னொரு சுற்றை அக்டோபரில் வைத்துக்கொள்ளலாம்.

தேதி வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம்: எல்லாருடைய நாள்காட்டியையும் பாருங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் சிங் மிங், சீனக் குடும்பங்கள் முன்னோர் கல்லறைக்குப் போய்விடும். நோன்பு மாதம் ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கிறது. நோன்பில் இருப்பவர்களைக் காலை வெயிலில் சங்குல் என்கிற மண்வெட்டியைப் பிடிக்கச் சொல்லக்கூடாது. அந்த மாதத்தில் விதைத் தட்டு, பெயர்ப்பலகை மாதிரி உட்கார்ந்து செய்கிற வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் தேதி வைத்தால் உங்கள் தோட்டம் ஓர் இனத்துத் தோட்டமாக ஆகிவிடும், யாரும் நினைத்துச் செய்யாமலேயே.

இனி அந்த முப்பது பேர்.

எங்கள் தோட்டம் செகாம்புட் பக்கம். முதல் வருஷம் தொடக்க நாளில் 42 பேர் வந்தார்கள். பேனர் கட்டினோம், நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தோம், 200 நாற்று வாங்கி வைத்திருந்தோம். அவ்வளவு ஆளைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே காலையில் பாத்தி வெட்டி, சுண்ணாம்பு தூவி, அதன் மேலேயே மூட்டை மூட்டையாகப் பச்சைக் கோழி எருவைக் கொட்டிக் கிளறி, நாற்றும் நட்டு, படமும் எடுத்துக்கொண்டோம். பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

அன்று மத்தியானம் வழக்கம்போல மழை. சாயங்காலம் இரண்டாவது மாடியிலிருந்து ஓர் அன்ட்டி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். “என்னா இது, கண்ணே எரியுதே!” கழிவறை கழுவுகிற திராவகம் மாதிரி ஒரு நெடி, ஜன்னல் வழியாக ஏழெட்டு வீட்டுக்குள் போயிருக்கிறது. சுண்ணாம்பும் பச்சைக் கோழி எருவும் சேர்ந்தால் எருவில் இருக்கிற தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய உரம் காற்றோடு போனது ஒரு பக்கம். மிச்சம் இருந்த சூடு மூன்றாம் நாளே மிளகாய் நாற்றின் இலை விளிம்பைப் பொசுக்கிவிட்டது. ஐந்தாம் நாள் ஈ. நான் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஓர் அங்கிள் கதவைத் திறக்கவே இல்லை.

மண் தவறை ஒரு மாதத்தில் சரி செய்துவிட்டோம். ஆள் விஷயத்தில் செய்த தவறுக்குத்தான் ஒரு வருஷம் பிடித்தது. இரண்டாம் வாரம் 19 பேர் வந்தார்கள். நாலாம் வாரம் ஒன்பது. ஆறாம் வாரம் நான்கே பேர்: நான், கீழ் வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சீன அங்கிள், எஸ்டிபிஎம் என்கிற ஆறாம் படிவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன். கங்கோங் கீரை முற்றிப் பூத்துக் கிடந்தது. பயித்தங்காய்க் கொடி குச்சியோடு சாய்ந்து கிடந்தது. வராதவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கென்று அங்கே ஒரு வேலை இல்லை, அவ்வளவுதான். 42 பேருக்கும் சேர்த்து ஒரே தோட்டம் என்றால் அது யாருடைய தோட்டமும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதனால் தொடக்க நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். ஆறாம் வாரம் எத்தனை பேர் இருப்பார்கள் என்று போடுங்கள். முப்பது பேர் பெயர் கொடுத்திருந்தால் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கு ஆறு பாத்திக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பாத்திக்கும் இரண்டு வீடு பொறுப்பு, சில வீட்டுக்கு இரண்டு பாத்தி வரும். பலகையில் வீட்டு எண்ணை எழுதி நட்டுவிடுங்கள். தண்ணீருக்கும் இதே கணக்குதான். மழை பெய்யாத நாளில் நம் ஊர் வெயிலுக்கு மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் நாலைந்து மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும். பத்துச் சதுர மீட்டர் பாத்திக்கு அது 40, 50 லிட்டர். ஒன்பது லிட்டர் பூவாளியில் ஐந்து நடை. ஆறு பாத்தி என்றால் முப்பது நடை. யார் நடப்பது என்று எழுதி ஒட்டிய பிறகு மண்வெட்டியைத் தொடுங்கள்.

அப்படியென்றால் அந்த முப்பது பேரும் வந்து நிற்கிற முதல் சனிக்கிழமை? அன்று ஒரு நாற்றுகூட நட வேண்டாம். நாற்று வாங்கவே வேண்டாம். கூட்டம் இருந்தால்தான் முடியும் என்கிற வேலைகளை அன்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடியை ஒட்டிய நிலம் பெரும்பாலும் கட்டட வேலையின்போது கொண்டு வந்து கொட்டிய மண். ஓர் அடி தோண்டினால் செங்கல், சிமெண்டுக் கட்டி, கம்பித்துண்டு, சில சமயம் சின்க் என்கிற தகர ஓடுகூட வரும். அதையெல்லாம் பொறுக்க முப்பது ஜோடிக் கை வேண்டும். பாத்தியை மேடாக்க மண் சுமக்க வேண்டும், மக்கு உரத் தொட்டிக்குப் பலகை அடிக்க வேண்டும். அசல் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்கிற வேலை, இதுதான். பிள்ளைகள் ஏமாந்து போவார்களே என்றால், சர்க்கரைவள்ளிக் கொடியை ஒரு முழம் நீளத்துக்கு வெட்டி, பாதியை மண்ணுக்குள் படுக்க வைத்துப் புதைக்கச் சொல்லி ஓர் ஓரத்தைக் கொடுத்துவிடுங்கள். அது எப்படி நட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

பாத்தியின் அகலம் நாலு அடிக்கு மேல் போகக்கூடாது. இரண்டு பக்கம் நின்றும் நடுவில் இருக்கிற களையைக் கை எட்டிப் பிடுங்க முடியவேண்டும், யாரும் உள்ளே மிதிக்கக்கூடாது. உயரம் ஓர் அடி. நம் மழைக்குத் தரையோடு தரையாகப் பாத்தி போட்டால் வேர் மூச்சுத் திணறிச் செத்துவிடும். நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி போகிற அளவு இடம் விடுங்கள். அங்கே முதியவர்கள் நடப்பார்கள், அதையும் யோசியுங்கள்.

நிழலையும் ஒரு வருஷத்துக்கு யோசித்துப் பாருங்கள். நமக்குச் சூரியன் ஜூனில் வடக்குப் பக்கம் சாயும், டிசம்பரில் தெற்குப் பக்கம். கட்டடத்துக்கு வடக்கே இருக்கிற நிலம் ஏப்ரலில் பளிச்சென்று வெயிலாக இருந்தாலும் ஆண்டுக் கடைசியில் நிழலுக்குள் போய்விடும். அந்தப் பக்கம் வெண்டையும் கத்தரியும் வேண்டாம். பாண்டான் (ரம்பை), வல்லாரை, மஞ்சள் போன்றவை கொஞ்சம் நிழலைத் தாங்கும்.

மண்ணுக்கு வருகிறேன். நம் செம்மண்ணும் கொட்டிய மண்ணும் பெரும்பாலும் புளித்த மண், பி.எச். என்கிற அளவு நாலு, ஐந்துக்குள் இருக்கும் (ஏழுக்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு அதிகம்). விவசாயச் சாமான் கடையில் பரிசோதனைத் தாள் கிடைக்கும், வாங்கிப் பாருங்கள். புளிப்பு என்றால் ஜிஎம்எல் என்று கேளுங்கள். சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் சேர்ந்த தூள். சதுர மீட்டருக்கு 200 கிராம் தூவிக் கிளறிவிட்டு இரண்டு, மூன்று வாரம் சும்மா விடுங்கள். அப்புறம்தான் உரம், அதுவும் நன்றாக மக்கியது. மூட்டையைப் பிரித்தால் மண் வாசனை வரவேண்டும். மூக்கைத் துளைத்தால் கட்டித் திருப்பி வைத்துவிடுங்கள். ஆக, முதல் சனிக்கிழமை கல் பொறுக்குவதும் சுண்ணாம்பும், மூன்று வாரம் கழித்து உரம், அதற்கு அடுத்த வாரம் நடவு. மூன்று தடவை வந்து போகும்போதே யார் நிலைப்பார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

வேலை நேரம் காலை ஏழரை முதல் பத்து. நாற்று நடுவதை மட்டும் காலையில் செய்யாதீர்கள். நட்ட மூன்று மணி நேரத்தில் உச்சி வெயில் அதன் தலையில் விழும். மாலை ஐந்தரைக்கு மேல் நாலு பேர் வந்து நட்டுவிட்டுப் போவது போதும். மழை அடித்துச் சாய்க்காமல் இருக்கப் பாத்திக்கு மேலே பத்து நாள் நிழல்வலை கட்டிவையுங்கள். கீரை விதை பொடி விதை, மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது.

என்ன நடுவது? முதல் ஆண்டு தக்காளியை மறந்துவிடுங்கள். அண்ணியின் படத்தில் குலை குலையாகத் தொங்குவதைப் பார்த்துத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நம் சமவெளியில் அது பாக்டீரியா வாடல் நோயில் போய்விடும். நேற்று செழிப்பாக நின்ற செடி இன்று பச்சையாகவே தொங்கிப் போய் நிற்கும். நம் ஊர்த் தக்காளி கேமரன் மலையிலிருந்து வருவதற்குக் காரணம் இருக்கிறது. கத்தரிக்கும் அதே நோய் வரும் என்றாலும் அதற்கு ஒரு வழி உண்டு: சுண்டைக்காய்ச் செடியின் வேர்மேல் கத்தரியை ஒட்டுக் கட்டுவது. சுண்டைக்காய் அந்த நோயை நன்றாகத் தாங்கும். எங்கள் சீன அங்கிள்தான் செய்து காட்டினார். பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு, ஒரு சின்னக் கிளிப், ஒரு வாரம் பிளாஸ்டிக் பைக்குள் நிழலில். முதல் தடவை பத்தில் நாலு ஒட்டியது. வெட்டாமல் விட்ட சுண்டைக்காய்ச் செடி ஒன்று வேலியோரம் காய்த்துத் தள்ளியதில் எனக்கு வற்றலுக்கும் ஆயிற்று.

தொடக்கத்துக்குச் சீக்கிரம் பலன் தருவது வேண்டும், இல்லையென்றால் ஆள் நிற்காது. கங்கோங்கும் தண்டுக்கீரையும் ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும். வெண்டையும் பயித்தங்காயும் 50 நாளை ஒட்டி. சாயூர் மானிஸ் என்கிற தவசிக்கீரை குச்சி ஒடித்து நட்டாலே வரும், வருஷக்கணக்கில் கிள்ளலாம். ஆனால் அதைச் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். தைவானில் 1990-களில் உடம்பு இளைக்கிறேன் என்று பச்சையாகச் சாறு பிழிந்து தினமும் குடித்தவர்களுக்கு நுரையீரலே பாழாயிற்று. மரவள்ளி ஒரு வரிசை இருக்கட்டும். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்த கதையைச் சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்தார். செடியைப் பார்த்தால் இப்போதும் யாராவது நின்று பேச ஆரம்பிப்பார்கள். அரசாங்கமும் 1974-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் காலத்தில் புக்கு ஹிஜாவ் (பச்சைப் புத்தகம்) திட்டம் என்று வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னது. அந்தத் தலைமுறைக்கு இதெல்லாம் புதிது இல்லை. தோட்டம் என்றாலே நம்மவர்களுக்கு ரப்பர் தோட்டம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் முருங்கையும் அவரையும் போட்டு வளர்ந்தவர்கள் உங்கள் மாடியிலேயே இருப்பார்கள். பெயர் கொடுத்த முப்பது பேரில் அவர்கள் இருக்கமாட்டார்கள். மேலே போய்க் கதவைத் தட்டிக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கொசு விஷயத்தில் விளையாடக் கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். மழைத் தண்ணீர் பிடிக்கிற பீப்பாய்க்குக் கொசுவலை மூடி, பூந்தொட்டித் தட்டு கூடவே கூடாது, பூவாளியையும் வாளியையும் கவிழ்த்து வையுங்கள். வாரம் ஒரு நாள், அது என்ன கிழமையானாலும் மாற்றாமல், ஒருவர் சுற்றிப் பார்க்க வேண்டும். 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது; லார்வா கண்டால் அபராதம். அபராதத்தைவிட, குடியிருப்பில் ஒரு டெங்கிக் காய்ச்சல் வந்தால் அது உங்கள் தோட்டத்தால்தான் என்று பேச்சு வரும், அதோடு கதை முடிந்தது. கையுறை, பூட்ஸ் இல்லாமல் யாரையும் மண்ணில் இறக்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த ஈரமண்ணில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். ஆப்பிரிக்க நத்தையை வெறுங்கையால் எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

நிலத்துக்கு நிர்வாகக் குழு வாயால் சொன்னது போதாது, கூட்டக் குறிப்பில் எழுதி வாங்குங்கள். அடுத்த வருஷம் குழு மாறும். அரசாங்க நிலத்துக்கு விரிவாக்குகிற எண்ணம் இருந்தால், நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமமான டிஓஎல் எந்த மாதம் எடுத்தாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31-உடன் முடிந்துவிடும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, மாமரம் பலாமரம் நடுகிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பெரிய அளவில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கோலாலம்பூரின் பங்சாரில் இருக்கிற கெபுன்-கெபுன் பங்சார் சமூகத் தோட்டத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்க் கைகொடுத்துவிட்டு வாருங்கள். நிலவடிவமைப்புக் கலைஞர் இங் செக் சான் முன்னெடுத்து, உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே சரிவில் போட்ட தோட்டம் அது. சரிவில் பாத்தியை எப்படிப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்தாலே போன பலன் உண்டு.

திருட்டு நடக்கும். முதலில் மிளகாய், அப்புறம் கறிவேப்பிலை. எச்சரிக்கைப் பலகை வைத்துப் பார்த்தோம், பலகையும் காணாமல் போனது. இப்போது வேலிக்கு வெளியே கறிவேப்பிலை, பாண்டான், சேராய் என்கிற எலுமிச்சைப்புல் மூன்றையும் நட்டுவிட்டோம், வேண்டியவர்கள் ஒடித்துக்கொள்ளட்டும் என்று. உள்ளே கை வைப்பது பெரும்பாலும் நின்றுவிட்டது. விளைச்சலில் பாத்திக்காரர் பாதி எடுத்துக்கொள்வார். மீதியைச் சனிக்கிழமை மேசையில் வைப்போம். கதவைத் திறக்காத அந்த அங்கிள் இப்போது எட்டு மணிக்கே வந்து நிற்கிறார், வெண்டைக்காய் பிஞ்சாக இருக்கிறதா என்று நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டு.

பேனருக்குச் சொல்வதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். நிலத்தின் நடுவில் ஓர் அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடியும் நிரப்புங்கள். இரண்டாவது தடவை ஊற்றிய தண்ணீர் நாலைந்து மணி நேரத்தில் வடிந்தால் நான் சொன்ன உயரம் போதும். மறுநாள் காலையிலும் நின்றால் அடியில் இறுகிய களி இருக்கிறது; பாத்தியை ஒன்றரை அடிக்கு ஏற்ற வேண்டும், சுற்றி ஒரு வாய்க்காலும் வேண்டும், மண் இன்னும் ஒரு லாரி ஆகும். எத்தனை மணிக்கு வடிந்தது என்று குறித்துக்கொண்டு எழுதுங்கள். பாத்தி எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.